கொரிய மொழியின் ஒழுங்கற்ற வினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குக் கொரிய மொழியின் அடிப்படையைச் சொல்லித்தருகிறேன். சீரியல் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. எழுத்து படிக்கும் வரை எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். ‘குளிராக இருக்கிறது’ என்று சொல்லத் தொடங்கும் வாரத்தில்தான் முகம் மாறும். அகராதியில் இருந்த ‘ப்’ பேச்சில் எங்கே போனது என்று கேட்பார்கள். அந்த வாரத்திலும் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கொரியச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். படிக்கும் முறை இதுதான்: குறில் ‘ஒ’ என்பது வாயைச் சற்று அகலமாகத் திறந்து சொல்லும் ஒகரம். நெடில் ‘ஓ’ என்பது உதடு குவித்துச் சொல்லும் ஓகாரம். குறில் ‘உ’ என்றால் ‘காடு’, ‘பாட்டு’ ஆகியவற்றின் கடைசியில் வரும், உதடு குவியாத குற்றியலுகரம். ‘ஊ’ என்றால் உதடு குவித்த உகரம். இங்கே குறில் நெடில் என்பது நீட்டலைக் காட்டவில்லை, வேறு வேறு உயிரெழுத்தைக் காட்டுகிறது. ‘ச’ வந்தால் ‘அச்சு’வில் வரும் ஒலி, ‘ஸ’ வந்தால் ‘பஸ்’ஸில் வரும் ஒலி. க, த, ப மூன்றையும் தமிழில் படிப்பது போலவே படியுங்கள். சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும் இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிப்பது கொரிய மொழிக்கும் பொருந்தும். நடுவில் கோடு போட்டிருந்தால் இரண்டு உயிரையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கற்ற வினைன்னா என்ன? முதல்ல ஒழுங்கானது எப்படி மாறும்னு சொல்லுங்க.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரிப்போமே, அதே வேலைதான். கொரிய அகராதியில் எல்லா வினையும் ‘தா’ என்று முடியும். அந்தத் ‘தா’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பகுதி. மொக்தா என்றால் சாப்பிடு. பகுதி ‘மொக்’. அதோடு ‘ஒயோ’ சேர்த்தால் மொகொயோ, ‘சாப்பிடுகிறேன்’ அல்லது ‘சாப்பிடுகிறார்’. ‘கோ’ சேர்த்தால் மொக்கோ, ‘சாப்பிட்டு’. பகுதி எங்கேயும் மாறவில்லை. இது ஒழுங்கான வினை.

ஒழுங்கற்ற வினையில், சில விகுதிகள் வந்து ஒட்டும்போது பகுதியின் கடைசி எழுத்து மாறும், அல்லது மறையும். தமிழில் ‘வா’ என்ற பகுதி ‘வந்தான்’ என்று குறுகுவதை விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதற்கு நெருங்கிய விஷயம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொரிய மொழியில் ‘குளிர்ச்சியாக’, ‘அழகாக’ போன்ற பண்புச் சொற்களும் வினை போலவே விகுதி ஏற்கும். அதனால் ‘வினை’ என்று இங்கே நான் சொல்வது அவற்றையும் சேர்த்துத்தான்.

ஆயோ எப்போ வரும், ஒயோ எப்போ வரும்?

பகுதியின் கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் ஆயோ. வேறு எந்த உயிராக இருந்தாலும் ஒயோ. பாத்தா (வாங்கு, பெறு) பாதாயோ ஆகும், மொக்தா மொகொயோ ஆகும். ‘ஹா’ என்று முடியும் வினைகள் மட்டும் தனி. ஹாதா (செய்) ஹேயோ ஆகிவிடும். இந்த விதி கைக்கு வரும் வரை ஒழுங்கற்ற வினைகளைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்தத் தப்பு எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

எந்த விகுதி வந்தாலும் பகுதி மாறிடுமா?

மாறாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கொரிய விகுதிகள் மூன்று வகை. ‘கோ’ (செய்து), ‘ஜிமான்’ (ஆனால்) போல மெய்யில் தொடங்குபவை முதல் வகை. ‘உம்யொன்’ (செய்தால்) போல, மெய்யெழுத்தில் முடிந்த பகுதிக்குப் பிறகு ஓர் உகரத்தோடு வருபவை இரண்டாம் வகை. ஆயோ, ஒயோ, இறந்தகாலம் காட்டும் ‘ஒஸ்ஸொ’ போல ஆ, ஒ இரண்டில் ஒன்றால் தொடங்குபவை மூன்றாம் வகை.

முதல் வகை வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அகராதியில் பார்த்த உருவம் அப்படியே இருக்கும். பகுதி மெய்யில் முடியும் ஒழுங்கற்ற வினைகள் இரண்டாம், மூன்றாம் வகைக்கு முன்னால் மாறும். உகரத்தில் முடியும் பகுதிகள் மூன்றாம் வகைக்கு மட்டுமே மாறும். இந்த ஒழுங்கை மீறுவது ‘ல்’ ஒன்றுதான். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

துத்தா எப்படி துரொயோ ஆச்சு? சம்பந்தமே இல்லாம இருக்கே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. துத்தா என்றால் ‘கேள்’, காதால் கேட்பது. பகுதியின் கடைசி எழுத்துக்குக் கொரிய மொழியில் திகுத் என்று பெயர், நம் ‘த்’ போன்றது. உயிரில் தொடங்கும் விகுதி வந்தால் அது ரியுல் என்ற எழுத்தாகிவிடும். ரியுல் உயிருக்கு முன்னால் ‘ர’ போலவும் மற்ற இடங்களில் ‘ல்’ போலவும் ஒலிக்கும். ஆக துத்கோ (கேட்டு), துத்ஜிமான் (கேட்கிறேன், ஆனால்) இரண்டிலும் த் இருக்கும். துரும்யொன் (கேட்டால்), துரொயோ (கேட்கிறேன்) இரண்டிலும் ர் வந்துவிடும்.

இப்போது தமிழில் அதே பொருளுள்ள ‘கேள்’ என்பதை எடுங்கள். கேளாமல், கேளுங்கள் என்று உயிர் வரும்போது ‘ள்’. கேட்டான், கேட்பான், கேட்க என்று மெய் வரும்போது ‘ட்’. நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு ளகரமும் அதே இடத்தில் பிறக்கும் ஒரு வல்லினமும் இடம் மாறிக்கொள்கின்றன. கொரிய மொழியில் நடப்பதும் இதேதான்: உயிருக்கு முன்னால் வழுக்கும் ஒலி, மெய்க்கு முன்னால் அடைக்கும் ஒலி. ‘கேள்’ எப்படி ‘கேட்டான்’ ஆயிற்று என்று நாம் ஒரு நாளும் குழம்பியதில்லை. பக்கத்தில் வருகிற ஒலியைப் பார்த்து நாக்கே மாற்றிக்கொள்கிறது. துத்தாவுக்கும் உங்கள் நாக்கு அப்படிப் பழகும்.

இதே கூட்டத்தில் முதலில் கற்க வேண்டியவை: கொத்தா (நட) கொரொயோ, மூத்தா (கேள்வி கேள்) மூரொயோ, க்கேதாத்தா (உணர்) க்கேதாராயோ.

தாத்தா, பாத்தா, மித்தா எல்லாம் மாறவே இல்லையே. அது ஏன்?

அவை ஒழுங்கான வினைகள். தாத்தா (மூடு) தாதாயோ, பாத்தா (பெறு) பாதாயோ, மித்தா (நம்பு) மிதொயோ. திகுத்தில் முடியும் எல்லாம் மாறும் என்று நினைப்பதுதான் முதல் மாதத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. எது மாறும், எது மாறாது என்பதைப் பகுதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்தே கற்க வேண்டும்.

ஒரு சின்ன உதவி: தாத்தா பிடிவாதக்காரர், மாறமாட்டார். கேட்பதும் நடப்பதும் கேள்வி கேட்பதும் மாறும். என்னிடம் படித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

சூப்தான்னு படிச்சேன், ஆனா எல்லாரும் சூவொன்னுதான் சொல்றாங்க. ப் எங்கே போச்சு?

பியுப், அதாவது ‘ப்’ என்ற எழுத்தில் முடியும் பகுதிகளில் மிகப் பலவற்றுக்கு இது நடக்கும். உயிர் வந்தால் ப் கரைந்து ‘ஊ’ ஆகும், அந்த ஊ அடுத்த ஒகரத்தோடு சேர்ந்து ‘வொ’ என்று ஒலிக்கும். சூப்தா (குளிராக இரு) சூவொயோ. தொப்தா (வெக்கையாக இரு) தொவொயோ. மேப்தா (காரமாக இரு) மேவொயோ. ஒர்யொப்தா (கடினமாக இரு) ஒர்யொவொயோ. ‘செய்தால்’ என்னும் விகுதி வரும்போது சூ-ஊம்யொன், ‘குளிராக இருந்தால்’. மெய் வந்தால் ப் பத்திரமாக இருக்கும்: சூப்கோ, சூப்ஜிமான்.

சீரியல்களில் ‘கோமாவொயோ’ என்று நன்றி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதன் அகராதி உருவம் கோமாப்தா. இந்த விதி உங்கள் காதுக்குள் ஏற்கெனவே இருந்தது, பெயர்தான் தெரியாமல் இருந்தது.

மாறாதவையும் உண்டு. இப்தா (உடுத்து) இபொயோ, ஜாப்தா (பிடி) ஜாபாயோ, ஜோப்தா (குறுகலாக இரு) ஜோபாயோ. ஒரு கணக்கு சொல்கிறேன்: பண்பைச் சொல்லும் பியுப் சொற்கள் பெரும்பாலும் மாறும், ஜோப்தா போன்ற சில மட்டும் விலக்கு. கையால் செய்யும் வேலைகளில் உடுத்துவது, பிடிப்பது, மடிப்பது, பிடுங்குவது எல்லாம் மாறாதவை. சுடுவதும் உதவுவதும் படுப்பதும் மாறுபவை.

அப்போ தோப்தா மட்டும் ஏன் தோவாயோ? தோவொயோன்னுதானே வரணும்?

தோப்தா (உதவு), கோப்தா (அழகாக, மென்மையாக இரு) என்ற இரண்டு ஓரசைப் பகுதிகள் மட்டுமே ‘வா’ எடுக்கும்: தோவாயோ, கோவாயோ. மற்ற எல்லாம், கடைசி உயிர் ஆ ஆக இருந்தாலும், ‘வொ’தான். காக்காப்தா (அருகில் இரு) காக்காவொயோ.

இதற்குக் காரணம் ஒரு சீர்திருத்தம். முன்பு மேலே சொன்ன ஆயோ, ஒயோ விதியைப் பின்பற்றி ‘கோமாவா’, ‘காக்காவா’ என்றுதான் எழுதினார்கள். மக்கள் பேச்சு ‘கோமாவொ’ என்று மாறிவிட்டது. 1988-இல் அறிவிக்கப்பட்டு 1989 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த தென்கொரிய எழுத்துமுறை விதிகள் அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டன. தோவா, கோவா இரண்டை மட்டும் பழையபடி விட்டுவைத்தன. அதனால் பழைய அச்சில் ‘கோமாவா’ என்று பார்த்தால் பிழை என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்து வழக்கு அது.

ஏன் இப்படிக் குழப்பமா வெச்சிருக்காங்க? யாராவது காரணம் சொல்ல முடியுமா?

முடியும். பியுப் விஷயத்திலும், அடுத்து வரப்போகும் ஷியோத் விஷயத்திலும் காரணம் நன்றாகவே தெரியும். செஜோங் மன்னர் 1446-இல் கொரிய எழுத்தை வெளியிட்டபோது எழுத்துகள் 28. இன்று 24. காணாமற்போன நான்கில் ஒன்று, தேனீ ரீங்காரம் போல அதிரும் ஒரு ஸகரத்துக்கான எழுத்து. இந்த 28-இல் சேராமல், ப-வுக்கும் வ-வுக்கும் நடுவில் மெல்லக் காற்றை விடும் ஒலிக்கும் அன்று தனியாக ஓர் எழுத்துருவம் இருந்தது.

இன்று மாறுகிற பியுப் வினைகளில் அன்று உயிருக்கு முன்னால் இருந்தது அந்த மெல்லிய ஒலி. அது தேய்ந்து வகரம் ஆனது. மாறாத வினைகளில் இருந்தது உண்மையான ப், அது தேயவில்லை. ஷியோத் வினைகளிலும் இதே கதைதான்: அதிரும் ஸகரம் தேய்ந்து மறைந்தது, சாதாரண ஸகரம் நின்றது. அதாவது ஒரு காலத்தில் இரண்டு வேறு ஒலிகளாக இருந்தவை, மெய்க்கு முன்னால் ஒரே மாதிரி ஒலித்ததால் அகராதியில் ஒன்று போலத் தெரிகின்றன. பூசான் நகரம் இருக்கும் கியொங்ஸாங் பகுதியின் பேச்சில் இன்றும் குளிரை ‘சூபொ’ என்பார்கள். அங்கே ப் தேயாமல் நின்றுவிட்டது. இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு இந்த வினைகள்மேல் இருந்த கோபம் போய், ஒரு பிரியம் வந்துவிட்டது.

நாத்தா ‘நா-ஆயோ’ன்னு ஆகுது. இரண்டு ஆ எதுக்கு, ‘நாயோ’ன்னு சுருக்கிடலாமே?

சுருக்கக் கூடாது. நாத்தா (குணமாகு, மேலாக இரு) என்பதன் பகுதி ஷியோத் என்ற எழுத்தில் முடிகிறது. அது சொல்லின் கடைசியில் ‘த்’ என்று ஒலிக்கும், உயிர் வந்தால் ‘ஸ்’. ஒழுங்கற்ற ஷியோத் வினைகளில் உயிர் வந்தால் அது மறைந்துவிடும். ஆனால் அது இருந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இரண்டு உயிரும் தனித்தனியாக நிற்கும்: நா-ஆயோ, ஜித்தா (கட்டு, சோறு சமை) ஜி-ஒயோ, பூத்தா (ஊற்று, வீங்கு) பூ-ஒயோ. ‘நாயோ’ என்று சுருக்கினால் அது ‘வெளிவருகிறது’ என்ற வேறு வினை. ‘காய்ச்சல் குணமாகிவிட்டது’ என்று சொல்ல வந்தவர் ‘காய்ச்சல் வந்துவிட்டது’ என்று சொன்னதாக ஆகிவிடும்.

மாறாத ஷியோத் வினைகள்: ஊத்தா (சிரி) ஊஸொயோ, ஸ்ஸித்தா (கழுவு) ஸ்ஸிஸொயோ, பொத்தா (உடையைக் கழற்று) பொஸொயோ. தினமும் காலையில் செய்கிற காரியங்கள் என்று இவற்றை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

துத்தா, நாத்தா ரெண்டும் காதுக்கு ஒரே மாதிரி ‘த்தா’ன்னு முடியுது. எது திகுத், எது ஷியோத்னு எப்படித் தெரியும்?

காதால் தெரியாது, எழுத்தைப் பார்க்க வேண்டும். கொரிய மொழியில் அசையின் கடைசியில் திகுத், ஷியோத் இரண்டும் ஒரே ஒலி. நான் இங்கே தமிழில் எழுதுவதால் அந்த வேறுபாடு இன்னும் மறைகிறது. இந்தச் சொற்களைக் கொரிய எழுத்தில் ஒருமுறையாவது உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் படித்துக்கொண்டு போனால் இந்த இடத்தில் கட்டாயம் தடுக்கும்.

‘மோல்லாயோ’ன்னா தெரியாதுன்னு தெரியும். அகராதியில் தேடினா ‘மோருதா’ன்னு வருதே?

இரண்டு படியாகப் பார்க்கலாம். முதலில், உகரத்தில் முடியும் பகுதி. உகரத்துக்குப் பின் ஆ அல்லது ஒ வந்தால் உகரம் ஓடிவிடும். ‘காடு’ + ‘இல்லை’ = ‘காடில்லை’ என்று நாம் சேர்க்கிறோமே, ஒலியும் ஏறக்குறைய அதே, விதியும் ஏறக்குறைய அதே. ஸ்ஸுதா (எழுது) ஸ்ஸொயோ. பாப்புதா (வேலையாக இரு) பாப்பாயோ. யேப்புதா (அழகாக இரு) யேப்பொயோ. உகரம் ஓடியபின் அதற்கு முந்தைய உயிரைப் பார்த்து ஆயோவா ஒயோவா என்று முடிவு செய்ய வேண்டும். பாப்புதாவில் அது ஆ, யேப்புதாவில் ஏ. முந்தைய உயிரே இல்லையென்றால் ஒயோ.

இரண்டாவது படி: அந்த உகரம் ‘ரு’வில் இருந்தால், உகரம் ஓடுவதோடு ஒரு லகரமும் கூடும். மோருதா மோல்லாயோ, ப்பாருதா (வேகமாக இரு) ப்பால்லாயோ, பூருதா (கூப்பிடு, பாடு) பூல்லொயோ, தாருதா (வேறாக இரு) தால்லாயோ. ‘செய்தால்’ விகுதிக்கு ஒன்றும் ஆகாது: மோரும்யொன், ‘தெரியாவிட்டால்’. விலக்காக த்தாருதா (பின்தொடர்) த்தாராயோ என்று முதல் படியோடு நின்றுவிடும், லகரம் கூடாது.

‘ஸால்தா’ ஒழுங்கான வினையா, ஒழுங்கற்றதா? சில இடத்தில் ல் இருக்கு, சில இடத்தில் இல்லை.

ஸால்தா என்றால் வாழ், வசி. ஸாராயோ (வசிக்கிறேன்), ஸால்கோ (வசித்து) இரண்டிலும் ரியுல் இருக்கிறது. ஆனால் ந, ப, ஸ மூன்றில் ஒன்றால் தொடங்கும் விகுதி வந்தால் அது விழுந்துவிடும்: ஸானுன் (வசிக்கும்), ஸாம்னிதா (வசிக்கிறேன், மிக மரியாதையான பேச்சு), ஸாஸேயோ (வசிக்கிறீர்கள்). ஆல்தா (அறி), மாந்துல்தா (உருவாக்கு), ரியுல்லில் முடியும் மற்ற எல்லாப் பகுதிகளும் இப்படித்தான், ஒரு விலக்கும் இல்லை. அதனால் மற்றக் கூட்டங்களைப் போல எது மாறும், எது மாறாது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று: ரியுல் மெய்தான் என்றாலும் அதற்குப் பிறகு ‘உம்யொன்’ விகுதியின் உகரம் வராது. ஸால்ம்யொன், மாந்துல்ம்யொன். இந்த உகரம் அடுத்த கேள்விக்குத் திறவுகோல்.

‘துரொயோ’ன்னு கேட்டா, அது ‘கேள்’ தானா? ‘தூக்கு’ன்னும் சொல்றாங்களே?

இரண்டும்தான். துத்தா (கேள்) துரொயோ ஆகிறது, துல்தா (தூக்கு) என்பதும் ரியுல் வினையாதலால் துரொயோ ஆகிறது. கொத்தா (நட), கொல்தா (மாட்டு, போன் போடு) இரண்டும் கொரொயோ. பேசும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம், பாட்டைத் தூக்க முடியாது, பெட்டியைக் கேட்க முடியாது.

எழுத்திலும் ‘துரொயோ’ இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் மற்ற விகுதிகளில் இரண்டும் பிரிந்துவிடும். ‘செய்தால்’ விகுதியைச் சேர்த்துப் பாருங்கள். துரும்யொன் என்றால் ‘கேட்டால்’, துல்ம்யொன் என்றால் ‘தூக்கினால்’. மாறிவந்த ரியுல் தன்னை இன்னும் திகுத் என்றே நினைத்துக்கொண்டு உகரம் கேட்கிறது. பிறவியிலேயே ரியுல்லாக இருப்பது உகரம் கேட்பதில்லை. தேர்வில் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்.

இன்னும் இரண்டு இரட்டைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மூத்தா என்பதற்குக் ‘கேள்வி கேள்’, ‘புதை’ என்று இரண்டு பொருள். முதலாவது மூரொயோ, இரண்டாவது மாறாமல் மூதொயோ. கூப்தா ‘சுடு’ என்றால் கூவொயோ, ‘வளைந்திரு’ என்றால் கூபொயோ. இங்கே ஒழுங்கின்மை ஒரு தொந்தரவாக இல்லை, பொருளைப் பிரித்துக் காட்டும் உதவியாக இருக்கிறது.

வண்ணங்களோட பேர் எல்லாம் ஏன் இப்படி மாறுது? ப்பால்காத்தா, ப்பால்கான், ப்பால்கேயோ...

அவை ஹியுத், அதாவது ‘ஹ்’ என்ற எழுத்தில் முடியும் பண்புச் சொற்கள். உகர விகுதி வந்தால் ஹியுத்தும் உகரமும் சேர்ந்து மறையும். ஒயோ, ஆயோ வந்தால் உயிர் ‘ஏ’ ஆகும். ப்பால்காத்தா (சிவப்பாக இரு), ப்பால்கான் (சிவந்த), ப்பால்கேயோ (சிவப்பாக இருக்கிறது). ஹாயாத்தா (வெள்ளையாக இரு), ஹாயான், ஹாயேயோ. குரொத்தா (அப்படி இரு) குரேயோ ஆவதும் இதே விதி. ‘அப்படியா?’ என்று சீரியலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருமே, அது.

ஜோத்தா (நன்றாக இரு) மட்டும் மாறாது: ஜோ-ஆயோ. அங்கே ஹியுத் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. செயலைச் சொல்லும் ஹியுத் வினைகள் எதுவுமே மாறுவதில்லை.

‘பேவொயோ’ன்னா கத்துக்கிறேன். அப்போ அகராதியில் ‘பேப்தா’ன்னுதானே தேடணும்? காணோமே!

பேப்தா என்று தேடினால் கற்பது கிடைக்காது, பே-ஊதா என்று தேட வேண்டும். ‘வொயோ’ என்று முடிவதெல்லாம் பியுப் வினை ஆகாது. பகுதியே ‘ஊ’வில் முடிந்தாலும் ஊ + ஒ = வொ ஆகும், அது முழுக்க ஒழுங்கான சேர்க்கை. பே-ஊதா (கற்றுக்கொள்) பேவொயோ, ஸ்ஸா-ஊதா (சண்டை போடு) ஸ்ஸாவொயோ. பக்கத்தில் மேப்தா மேவொயோ, நூப்தா (படு) நூவொயோ. ‘செய்தால்’ விகுதியும் இங்கே உதவாது, இரண்டிலும் ஊம்யொன் என்றே கேட்கும்.

‘கோ’ சேர்ந்த உருவத்தைத் தேடுங்கள். பே-ஊகோ, மேப்கோ என்று உடனே பிரிந்துவிடும். சொல் புதிதாக இருந்தால் முதலில் பண்பா செயலா என்று யோசியுங்கள். பண்பு என்றால் பியுப்பை முதலில் தேடுவது நல்லது.

எப்பவும் ‘ஸும்னிதா’ போட்டு மரியாதையா பேசினா இதிலிருந்தெல்லாம் தப்பிச்சுக்கலாமா?

ஆபீஸில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். நிகழ்காலத்தில் ஓரளவு முடியும். ஸும்னிதா மெய்யில் தொடங்குவதால் துத்ஸும்னிதா, சூப்ஸும்னிதா என்று பகுதி அப்படியே நிற்கும். ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல வந்ததும் மூன்றாம் வகை விகுதி உள்ளே வந்துவிடும்: சூவொத்ஸும்னிதா, ‘குளிராக இருந்தது’. ரியுல் வினைகளில் நிகழ்காலத்திலேயே ஸாம்னிதா என்று விழுந்துவிடும். அதோடு, எதிரில் இருப்பவர் உங்களிடம் ‘சூவொயோ?’ என்று கேட்டால் புரிய வேண்டுமே.

ஒரு புத்தகத்தில் ஏழு வகைன்னு இருக்கு, இன்னொண்ணுல ஒன்பது. எது சரி?

எண்ணும் முறைதான் வேறு. 1988 எழுத்துமுறை விதிகளின் 18-ஆம் பிரிவு ஒன்பது வகைகளை வரிசைப்படுத்துகிறது. ஆனால் தென்கொரியப் பள்ளி இலக்கணம் ரியுல் விழுவதையும் உகரம் ஓடுவதையும் ஒழுங்கானவை என்றே கொள்கிறது. விலக்கில்லாமல் எல்லாச் சொல்லுக்கும் நடப்பதை ஒழுங்கற்றது என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. வெளிநாட்டவருக்கான பாடங்களில் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவார்கள். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கேள்–துத்தா மாதிரி இவ்வளவு ஒத்துப்போகுதே, தமிழும் கொரியனும் ஒரே குடும்பமா?

இந்த எண்ணம் பழையது. 1886-இல் கொரியாவுக்கு ஆசிரியராகச் சென்ற ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. விகுதியைப் பின்னால் அடுக்குவது, வினை கடைசியில் வருவது போன்றவை உறவில்லாத மொழிகளிலும் அமையும். கேள் ஒப்புமையை நான் சொல்வது உறவை நிறுவ இல்லை, நினைவில் நிற்க.

இதை எல்லாம் எப்படித்தான் மனசுல ஏத்துறது? அட்டவணை போட்டு வெச்சுக்கலாமா?

அட்டவணை போடலாம், ஆனால் அதைப் பார்த்துப் பேச்சு வராது. நானும் முதல் வருடம் அழகாகக் கோடு போட்டு, வண்ணம் அடித்து வைத்திருந்தேன். வாய் திறந்தால் ‘சூபொயோ’ என்றுதான் வந்தது. பிறகு ஒவ்வொரு புதுச் சொல்லையும் மூன்று உருவமாகச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன்: துத்கோ, துரும்யொன், துரொயோ. சூப்கோ, சூ-ஊம்யொன், சூவொயோ. மேலே சொன்ன மூன்று வகை விகுதிக்கும் ஒவ்வொரு மாதிரி. வாய்ப்பாடு சொல்வது போல ராகம் போட்டால் இன்னும் நல்லது. மேலே பார்த்த எந்த இரட்டைச் சொல்லும் இந்த மூன்றில் ஏதாவது ஓர் இடத்தில் பிரிந்தே தீரும்.

ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பியுப்பில் தொடங்குவது நல்லது, வானிலை, சாப்பாடு, நன்றி என்று தினமும் வாயில் வரும் சொற்கள் அதில்தான் அதிகம். மாறாத சொற்களையும் அன்றே அருகில் வைத்துப் படியுங்கள்.

கொரியர்களே இதில் தப்பு பண்ணுவாங்களா?

பண்ணுவார்கள், அதிலும் சில தப்புகள் மிகவும் பிரபலம். கிம்ச்சி போடுவதற்கான வினை தாம்குதா. உகரம் ஓடி, முந்தைய உயிர் ஆ என்பதால் தாம்காயோ என்று வர வேண்டும். ஆனால் பலர் ‘தாம்க்வொயோ’ என்பார்கள், எழுதவும் செய்வார்கள். பூட்டுவதற்கான ஜாம்குதாவுக்கும் இதே கதி. ‘போகிற வழியில் எட்டிப்பார்’ என்னும் துல்லுதா துல்லொயோ ஆக வேண்டும், அதைத் ‘துல்ல்யொயோ’ என்று சொல்லிவிடுவார்கள், அது ‘காதில் விழுகிறது’ என்ற வேறு சொல். நால்தா (பற) ரியுல் விழுந்து நானுன் (பறக்கும்) ஆக வேண்டும். பலர் வாயில் வருவது ‘நாருனுன்’.

சில வேளை தப்பே சரியாகவும் ஆகிவிடும். வண்ணச் சொற்களோடு ‘நே’ என்ற வியப்பு விகுதி சேரும்போது ஹியுத்தை விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. மக்கள் விடாமல் எழுதினார்கள். 2015 டிசம்பரில் தேசிய கொரிய மொழி நிறுவனம் அதையும் சரி என்று அறிவித்தது.

‘இருதா’ அகராதியில் மூணு தடவை வருது. ஒண்ணு இருரொ, மத்தது இல்லொயோ. இது என்ன?

மூன்றும் வேறு வேறு சொற்கள். ‘நேரம் இன்னும் ஆகவில்லை, சீக்கிரம்’ என்னும் இருதாவும், ‘சொல், கோள் சொல்’ என்னும் இருதாவும் மோருதா கூட்டம், அதனால் இல்லொயோ. ‘ஓர் இடத்தை, ஒரு நிலையை அடை’ என்னும் இருதா மட்டும் தனி வழி போகிறது. அதில் பகுதி அப்படியே நிற்கும், விகுதிதான் மாறும்: ஒகரத்துக்குப் பதில் ‘ரொ’. ஆகவே இருரொ, ‘அடைந்து’. பூருதா (நீலமாக, பசுமையாக இரு; மேலே பார்த்த ‘கூப்பிடு’ என்னும் பூருதா வேறு சொல்) பூருரொயோ ஆவதும் இப்படியே. இந்த வகையில் வேறு சொற்கள் மிகக் குறைவு.

பேச்சில் அடைவதைச் சொல்ல தோசாக்ஹாதா என்ற எளிய சொல் இருக்கிறது, அது ஹாதா குடும்பம், ஹேயோ போட்டால் முடிந்தது. இருரொ செய்தியிலும் கட்டுரையிலும்தான் வரும். ‘இதுவரை’, ‘இன்றுவரை’ என்று பொருள்படும் தொடர்களில் ‘இருரொ’ என்று எங்காவது கண்ணில் பட்டால் இரண்டு ரகரத்தைப் பாருங்கள், அது அடைவதுதான். இரண்டு லகரம் என்றால் சீக்கிரமோ, கோள் சொல்வதோ.